ஒப்பாவ் 1921: பள்ளத்தின் படத்துக்கு என்ன அடிக்குறிப்பு எழுதுவது?

பழம்படம் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர் நூலகத்தில் வைக்கவிருக்கும் அறிவியல் வரலாற்றுக் கண்காட்சிக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஜெர்மனியில் ரைன் ஆற்றின் இடக்கரையில் உள்ள ஒப்பாவ் என்னும் ஊரில், பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் உர ஆலையில், 1921 செப்டம்பர் 21 காலை 7.32 மணிக்கு நேர்ந்த வெடிப்புக்குப் பின் எடுத்த படம் அது. அந்த நாட்களிலேயே இத்தகைய படங்களை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். என்னிடம் இருப்பதும் அப்படிப்பட்ட ஓர் அட்டைதான்.

படத்தின் கீழ்ப்பாதி முழுவதையும் ஒரு பள்ளம் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் ஊறித் தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரிகிறது. எதிர்ப்புறத்தில் கூரையும் சுவரும் போய், இரும்புச் சட்டங்கள் மட்டும் வளைந்து நிற்கும் கட்டடங்கள். விளிம்பில் தொப்பி அணிந்த சிலர் நிற்கிறார்கள். உற்றுப் பார்க்காவிட்டால் அவர்களும் இடிபாட்டின் ஒரு பகுதி என்றே தோன்றும். அந்த மனிதர்களைக் கண்டுபிடித்த பிறகுதான் பள்ளத்தின் அளவு நமக்கு உறைக்கிறது.

அடிக்குறிப்புக்குச் சில வரிகளே இடம் உண்டு. "ஆலை முதலாளிகளின் அலட்சியத்தால் 500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் பொதுமக்களும் மாண்ட இடம்" என்று எழுதியிருக்கிறேன். கண்காட்சிக் குழுவில் ஒருவர், "அறியாமையால்" என்று மாற்றச் சொல்கிறார். எது சரி என்று இங்குள்ளவர்கள் விவாதித்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

ரைன்கரை

பழம்படம் அவர்களுக்கு வணக்கம். நான் ஆற்றின் மறுகரையில் உள்ள மன்ஹைமில் வசிக்கிறேன். ஒப்பாவ் இன்று தனி ஊர் அன்று. 1938-இல் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பள்ளம் இருந்த இடம் ஆலை வேலிக்குள் இருப்பதால், வெளியிலிருந்து போய்ப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. லுட்விக்ஸ்ஹாஃபன் பொதுக் கல்லறையில் பலியானவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். பள்ளம் ஏறக்குறைய 125 மீட்டர் நீளமும் 90 மீட்டர் அகலமும் 19 மீட்டர் ஆழமும் கொண்டது. ஆற்றங்கரை நிலமாதலால் நிலத்தடி நீர் உடனே ஊறிவிட்டது. அதுதான் உங்கள் படத்தில் கறுப்பாகத் தெரிவது. பெரும்பாலான குறிப்புகள் இறந்தவர்களை 561 என்று சொல்கின்றன. காயமடைந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். ஒப்பாவின் வீடுகளில் 80 சதவீதம் அழிந்து, 6,500 பேர் இருக்க இடமின்றித் தெருவுக்கு வந்தார்கள். 25 கிலோமீட்டர் தொலைவு வரை கூரைகள் பெயர்ந்தன. வோர்ம்ஸ் பேராலயத்தின் கண்ணாடிச் சன்னல்கள் நொறுங்கின. ஹைடல்பெர்க் தெருக்களில் கண்ணாடிச் சில்லு குவிந்து போக்குவரத்தே நின்றது. 250 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் மியூனிக்கில் ஓசை கேட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். அப்போது இந்தப் பகுதி பிரெஞ்சுப் படைகளின் பிடியில் இருந்தது; உலகப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. எனவே இரகசியமாக ஆயுதம் செய்தபோது வெடித்துவிட்டது என்ற வதந்தியும் கூடவே பரவியது. படத்தை இன்று பார்ப்பவர்களுக்கும் முதலில் குண்டுவீச்சுதான் நினைவுக்கு வரும் என்பதால், வெடித்தது உரம் என்பதை அடிக்குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அமோனியா

உர ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கிடங்கில் இருந்தது என்ன என்பதை மட்டும் விளக்குகிறேன்.

காற்றில் உள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்து அமோனியாவாக்கும் ஹேபர்–போஷ் முறை, தொழிற்சாலை அளவில் உலகிலேயே முதன்முதலாக 1913-இல் இயங்கத் தொடங்கியது இதே ஒப்பாவில்தான். அந்த அமோனியாவைக் கந்தக அமிலத்தோடு சேர்த்து அமோனியம் சல்பேட் உரமாக்கினார்கள். போர்க்காலத்தில் கந்தகம் தட்டுப்பாடானதால், அமோனியம் நைட்ரேட்டையும் சல்பேட்டையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாகக் கலந்து ஒரு கலப்பு உப்பு செய்யத் தொடங்கினார்கள். வெடித்த கிடங்கில் இருந்தது இந்தக் கலப்பு உப்புதான். அளவு ஏறக்குறைய 4,500 டன்.

இந்த உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மழைக்காலத்தில் உப்புச் சாடியில் கரண்டி இறங்காமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே பல மாடி உயரக் குவியலாக, தன் எடையாலேயே தன்னை அழுத்திக்கொண்டிருப்பதாக நினைத்துப் பாருங்கள். குவியல் முழுவதும் பாறைபோல் இறுகிவிடும். கடப்பாரையால் அடியில் தோண்டினால் மேலே இருப்பது சரிந்து ஆளையே மூடிவிடும். ஆகவே குவியலில் துளையிட்டு, சிறிய வெடித்தோட்டாக்களை வைத்து வெடித்து, உப்பைப் பிளந்து எடுத்தார்கள்.

மணலிவாசி

மன்னிக்க வேண்டும், சரியாகத்தான் படித்தேனா? அமோனியம் நைட்ரேட் கலந்த 4,500 டன் குவியலுக்குள் வெடி வைத்தார்கள் என்றால், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பழம்படம் எழுதிய "அலட்சியம்" என்ற சொல்லே மென்மையானது. நான் இருந்தால் "பைத்தியக்காரத்தனம்" என்று எழுதியிருப்பேன்.

குவாரிக்காரர்

மணலிவாசியின் கோபம் புரிகிறது. ஆனால் வெடி வைக்கும் தொழிலில் இருப்பவன் கண்ணுக்கு இது சற்று வேறு மாதிரித் தெரியும். இன்று கல்குவாரிகளில் பயன்படும் வெடிமருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அமோனியம் நைட்ரேட்தான் அடிப்படை. அதைத் தனியாக எடுத்துக்கொண்டால், அது மிகவும் மந்தமான பொருள். சும்மா ஒரு சிறிய வெடியூக்கியை (குவாரியில் ‘கேப்’ என்போம்) வைத்தால் போதும் என்று நினைத்தால் அது வெடிக்காது. தூண்டிவிட வலுவான தோட்டா ஒன்று வேண்டும், சுற்றிலும் இறுக்கம் வேண்டும். அதோடு சரிபாதி சல்பேட்டைக் கலந்துவிட்டால் இன்னும் மந்தமாகிவிடும்.

ஒப்பாவில் இதைச் சோதித்தும் பார்த்திருந்தார்கள். கலவையில் நைட்ரேட் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வெடிக்காது என்பது அந்தச் சோதனைகளின் முடிவு. அவர்கள் வைத்ததும் வீரியம் குறைந்த வெடிதான். அந்தக் காலத்தில் அந்த வேலையைச் செய்த ஆட்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் அதே கிடங்கில், அதே குவியலின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் அவர்கள். சாக வேண்டும் என்று யாரும் துளை போடுவதில்லை.

பழம்படம்

குவாரிக்காரர் ஐயா, நான் குற்றம் சொல்வது துளை போட்டவர்களை அல்ல, போடச் சொன்னவர்களைத்தான். 60 சதவீதம் என்ற எல்லைக்கோட்டை எந்த அளவு பொருளைக் கொண்டு சோதித்து வரைந்தார்கள்? கைப்பிடி அளவில் வெடிக்காத பொருள், ஆயிரக்கணக்கான டன் குவியலிலும் வெடிக்காது என்று எப்படி முடிவு செய்யலாம்?

கணக்கு டீச்சர்

பழம்படம் கேட்ட கேள்விக்கு ஆலைக்காரர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். ஒப்பாவில் அந்த நாள்வரை இதே முறையில் ஏறக்குறைய 20,000 தடவை வெடி வைத்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூடக் குவியல் வெடிக்கவில்லை. சோதனைக் கூடத்தைவிட இதுவே பெரிய ஆதாரம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். உண்மையில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான்.

புள்ளியியலில் ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு செயலை எத்தனையோ தடவை செய்தும் ஒரு தடவைகூட விபத்து நேரவில்லை என்றால், விபத்துக்கான வாய்ப்பு பூச்சியம் என்று பொருளாகாது. செய்த தடவைகளின் எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால் கிடைப்பதே, 95 சதவீத உறுதியோடு நாம் சொல்லக்கூடிய மேல் வரம்பு. 20,000 தடவைக்கு அது ஏறக்குறைய 6,700-இல் ஒன்று. அதாவது, 6,700 வெடிக்கு ஒரு தடவை பேரழிவு நேரக்கூடிய ஒரு முறையாக அது இருந்திருந்தாலும், 20,000 தடவை தப்பிப் பிழைப்பது நடக்க முடியாத அதிசயம் அல்ல. இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு அதற்கு உண்டு. ஊரையே அழிக்கக்கூடிய ஒரு விஷயத்தில், "6,700-இல் ஒன்றைவிடக் குறைவாக இருக்கலாம்" என்பது யாரையும் நிம்மதியாகத் தூங்கவைக்கும் உறுதி அல்ல.

இதற்குப் பின்னே இன்னும் முக்கியமான நிபந்தனை ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த 20,000 தடவையும் ஒரே பொருள், ஒரே ஈரம், ஒரே அடர்த்தி என்று இருந்தால்தான் இந்த மேல் வரம்புகூடச் செல்லும். பொருள் மாறிவிட்டால் கணக்கை மறுபடியும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒப்பாவில் பொருள் மாறியதா என்பதை வேதியியல் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அமோனியா

மாறியது, டீச்சர். 1921-இன் தொடக்கத்தில் கலப்பு உப்பை உலர்த்தும் முறையை மாற்றினார்கள். சூடான கரைசலைத் தெளித்து உலர்த்தும் முறை வந்தது. அதுவரை 4 சதவீதம் அளவுக்கு இருந்த ஈரம் ஏறக்குறைய 2 சதவீதத்துக்கு இறங்கியது. படிகங்கள் நுண்மையாகி, குவியலின் அடர்த்தியும் குறைந்தது. ஈரம் குறைந்தால் உரம் குறைவாக இறுகும், கையாள்வது எளிது. தரத்தின் கண்ணோட்டத்தில் இது நல்ல முன்னேற்றம். வெடிப்பின் கண்ணோட்டத்தில் மூன்று மாற்றமுமே எதிர்த்திசையில் போயின. ஈரம் குறைவாகவும் நுண்துகளாகவும் அடர்த்தி குறைந்தும் இருக்கும் நைட்ரேட் எளிதில் தூண்டப்படும். தெளித்த உப்பு கிடங்கின் எல்லா இடத்திலும் சீராக விழாமல், சில இடங்களில் நைட்ரேட் கூடுதலாகவும் சில இடங்களில் குறைவாகவும் சேர்ந்திருக்கலாம் என்பதும் ஆய்வாளர்களின் கருத்து.

எனவே 20,000 என்ற அந்தப் பெரிய எண்ணில், புதிய முறையில் செய்த உப்புக்கு உரியது ஒரு சிறு பகுதிதான். ஆலைக்குள் ஒரு பிரிவு உலர்த்தும் முறையை மாற்றியது. வெடி வைத்த பிரிவு பழைய அனுபவத்தை நம்பி வேலையைத் தொடர்ந்தது. எங்கள் காலத்தில் இதற்கென்றே ஒரு நடைமுறை வந்துவிட்டது. ஒரு வால்வை மாற்றினால்கூட, அதனால் பாதிக்கப்படக்கூடிய எல்லாப் பிரிவும் கையெழுத்திட்ட பிறகுதான் மாற்றலாம். கையெழுத்து வாங்க அலைவதைப் பற்றி நாங்கள் புலம்பாத நாள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் வியப்பாக இருக்கும். இருந்த 4,500 டன்னில் வெடித்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, 450 டன் அளவுதான் என்று மதிப்பிடுகிறார்கள். மீதி வெடிக்காமல் சிதறிப்போயிற்று. கலவை பெரும்பாலும் மந்தமானது என்று நம்பியவர்கள் முற்றிலும் தவறாக நம்பவில்லை என்பதையே இது காட்டுகிறது. அந்தப் பெரும்பாலுக்கு வெளியே இருந்த பகுதி தோண்டியதுதான் அந்தப் பள்ளம்.

பழம்படம்

இவ்வளவு விளக்கமும் ஆலை நிர்வாகத்துக்குச் சாதகமாகவே போய்க்கொண்டிருக்கிறது. இதைப் பாருங்கள்: ஒப்பாவுக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன், 1921 ஜூலை 26 அன்று, மேல் சைலீசியாவில் கிரீவால்ட் என்ற ஊரில் (இன்றைய போலந்தில் உள்ளது) இரண்டு ரயில் பெட்டிகளில் இறுகிப்போயிருந்த 30 டன் அமோனியம் நைட்ரேட்டை வெடி வைத்துத் தளர்த்த முயன்றபோது, அது வெடித்து 19 பேர் இறந்தார்கள். அதே முறை, அதே பொருள். அந்தச் செய்திக்குப் பிறகும் ஒப்பாவில் வேலை தொடர்ந்தது என்றால் அதை அறியாமை என்று நான் எப்படி எழுதுவது?

ஆவணக்காப்பகம்

இதுவரை படித்துக்கொண்டிருந்தேன், கிரீவால்ட் பெயர் வந்ததால் எழுதுகிறேன். பழம்படம் சொல்வது இந்த விவாதத்தின் வலுவான வாதம். ஆனால் "அதே பொருள்" என்பது துல்லியமில்லை. கிரீவால்டில் இருந்தது அமோனியம் நைட்ரேட். ஒப்பாவில் இருந்தது சல்பேட்டோடு கலந்த உப்பு. இந்த வேறுபாட்டைக் காட்டி "அது வேறு, இது வேறு" என்று கடந்துபோவது எளிது. கடந்துபோயிருக்கக் கூடாது என்பதே என் கருத்தும். வேறு என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, எவ்வளவு வேறு என்று அளந்து பார்க்கும் கடமையும் இருந்தது.

விசாரணைகள் நடந்தன. ஆனால் அன்று காலையில் அந்தக் கிடங்கில் என்ன வெடியை எங்கே எவ்வளவு வைத்தார்கள் என்று நேரில் சொல்லக்கூடியவர்கள் யாரும் உயிரோடு இல்லை, கிடங்கும் இல்லை. அடுத்தடுத்து இரண்டு வெடிப்புகள் நேர்ந்ததாகவும், முதலாவது சிறியது, இரண்டாவது பெரியது என்றும் பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல் நேரடிச் சாட்சியம் குறைவு. இத்தகைய வழக்குகளில் ஆவணங்களை நம்பியிருக்க வேண்டும், ஆவணங்களோ நிறுவனத்தின் அலமாரியில் இருந்தன.

ஹேபரின் கண்டுபிடிப்பை ஆலையாக்கிக் காட்டிய கார்ல் போஷ்தான் அப்போது நிறுவனத்தின் தலைவர். இறுதிச் சடங்கில் குடியரசுத் தலைவர் ஃபிரெட்ரிக் ஈபெர்ட் முன்னிலையில் அவர் பேசினார். கோடிக்கணக்கானோருக்கு உணவு தரவேண்டிய பொருளே, நாம் இன்னும் அறியாத காரணத்தால், கொடிய பகையாக மாறிவிட்டது என்பது அவருடைய பேச்சின் சாரம். பொருளைத்தான் பகை என்றார். தங்கள் முறையைப் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிதரை நான் பெரிதும் மதிக்கிறேன், ஆனாலும் இந்த வாக்கியம் எனக்கு உறுத்துகிறது. சில மாதங்களுக்குள் கார்ல் கிராவுக் தலைமையில் ஆலை மீண்டும் எழுந்து உற்பத்தியும் தொடங்கிவிட்டது. போஷுக்கு 1931-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ரைன்கரை

இடையில் ஒரு நடைமுறை எச்சரிக்கை. இணையத்தில் "லுட்விக்ஸ்ஹாஃபன் ஆலை வெடிப்பு" என்று தேடினால், 1948 ஜூலை 28-இல் இதே நிறுவனத்தில் நேர்ந்த இன்னொரு வெடிப்பின் படங்களும் கலந்து வரும். அப்போது வெயிலில் நின்ற ஒரு ரயில் தொட்டி வண்டியிலிருந்து டைமெத்தில் ஈதர் கசிந்து, வாயு மேகமாகப் பரவி வெடித்து 207 பேர் இறந்தார்கள். வாயு மேகம் வெடித்தால் கட்டடங்கள் சரிந்து கிடக்கும். ஆனால் இத்தகைய ஆழமான பள்ளம் விழாது. தண்ணீர் தேங்கிய பள்ளம் இருந்தால் அது 1921. சரிந்த கூரைகளும் ரயில் வண்டிகளும் மட்டும் இருந்தால் 1948-ஆக இருக்க வாய்ப்பு அதிகம். கண்காட்சியில் துணைப் படங்கள் வைப்பதாக இருந்தால் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மணலிவாசி

நான் முதலில் கோபமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்தபோதுதான், எங்கள் மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில், சுங்கத்துறை 2015-இல் பறிமுதல் செய்த ஏறக்குறைய 700 டன் அமோனியம் நைட்ரேட் 37 கன்டெய்னர்களில் இருப்பது எங்களுக்கே தெரிய வந்தது. அந்த மாதமே ஏலத்தில் எடுத்தவர்களிடம் கொடுத்து, லாரிகளில் ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்தாண்டு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அப்போதும் எல்லோரும் சொன்ன ஆறுதல். கணக்கு டீச்சர் எழுதியதைப் படித்த பிறகு அந்த ஆறுதலின் எடை எவ்வளவு என்று தெரிகிறது.

குவாரிக்காரர்

விதிகள் எங்கே வந்து நிற்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2012-இல் வந்த அமோனியம் நைட்ரேட் விதிகளின்படி, எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அது உள்ள கலவைகளுக்கும் உரிமம் வேண்டும். நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க முடியாத உரங்களுக்கு விலக்கு உண்டு. ஒப்பாவில் 60-ஐப் பாதுகாப்பான எல்லை என்று வைத்திருந்தார்கள், அவர்களுடைய கலவையோ 50. இறுகிய நைட்ரேட்டை வெடி வைத்து உடைப்பதை இன்று யாரும் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் பிரான்சில் துலூஸ் நகர ஆலையில் 2001-இல் நைட்ரேட் கிடங்கு வெடித்து 31 பேர் இறந்தார்கள். தேதி செப்டம்பர் 21. ஒப்பாவுக்குச் சரியாக 80 ஆண்டு கழித்து.

பழம்படம்

எல்லோருக்கும் நன்றி. "அலட்சியம்" என்ற சொல்லை நான் முழுவதும் கைவிடத் தயாரில்லை. ஆனால் அது யாருடைய அலட்சியம், எந்த இடத்தில் என்று சொல்லாமல் விட்டால் வெறும் வசவாகிவிடும் என்பது உண்மை. அடிக்குறிப்பை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"உரக் கிடங்கு இருந்த இடம். ஒப்பாவ், ஜெர்மனி, 1921 செப்டம்பர் 21. இறுகிய உரத்தை வெடி வைத்து உடைக்கும் வழக்கம் ஏறக்குறைய 20,000 தடவை தீங்கின்றி நடந்திருந்தது. அந்த ஆண்டு உரத்தை உலர்த்தும் முறையை மாற்றியவர்கள், வெடி வைக்கும் வழக்கத்தை மறுபடி சோதிக்கவில்லை. 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பள்ளத்தின் ஆழம் 19 மீட்டர்."

ஆவணக்காப்பகம்

நன்றாக இருக்கிறது. "இறந்தனர்" என்பதோடு ஒப்பாவில் 6,500 பேர் வீடிழந்ததையும் சேருங்கள். இல்லாவிட்டால் இது ஆலைக்குள் மட்டும் நடந்த விபத்து என்று படிப்பவர்கள் நினைப்பார்கள். கிரீவால்டையும் விட்டுவிட வேண்டாம். இடம் போதாவிட்டால் பள்ளத்தின் ஆழத்தை எடுத்துவிடலாம்; அதைப் படமே காட்டுகிறது.

கணக்கு டீச்சர்

ஆழத்தை எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பள்ளிப் பிள்ளைகள் விளிம்பில் நிற்கும் மனிதர்களின் உயரத்தை ஸ்கேலால் அளந்து, பள்ளத்தின் அளவைத் தாங்களே கணக்கிட முயலுவார்கள். விடையைச் சரிபார்க்க அந்த எண் வேண்டும். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும்போது அந்த மனிதர்கள் நிற்கும் ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.